நட்சத்திரக் குறியிட்ட பெயர்கள்

டிபேஸ் 3 என்ற நிரல் 1984இல் சந்தைக்கு வந்தது. அதை விற்ற நிறுவனம் இன்று இல்லை. அது ஓடிய டாஸ் இயங்குதளம் வழக்கொழிந்துவிட்டது. அது வந்த ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பியை நம் பிள்ளைகள் கையில் கொடுத்தால் என்ன பொருள் என்று கேட்பார்கள். ஆனால் அந்த நிரல் எழுதிய அட்டவணைக் கோப்பு இன்றும் திறக்கிறது. பெயருக்குப் பின்னால் ‘டி.பி.எஃப்.’ என்ற மூன்றெழுத்தைச் சுமந்திருக்கும் அந்தக் கோப்பை லிப்ரே ஆபிஸில் இழுத்துப் போட்டால், எழுத்துக்குறி முறை எது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வரிசை வரிசையாக விரித்துக் காட்டிவிடுகிறது. எக்ஸெலும் திறக்கும். பைத்தானிலும் ஆர் மொழியிலும் சில வரிகள் எழுதினால் போதும்.

கணினித் துறையில் நாற்பது ஆண்டு என்பது பல தலைமுறை. பழைய தரவுகளைப் புதிய நிரல்களுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. பத்து ஆண்டுக்கு முந்தைய கோப்பு ஒன்று எதிலும் திறக்காமல் அடம்பிடிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படியிருக்க இந்த ஒன்று மட்டும் ஏன் பிழைத்தது, பிழைத்ததில் எது மிச்சம், எது போயிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. நம் சங்கங்களின் அலமாரிகளிலும் வீட்டுப் பரண்களிலும் இப்படிப்பட்ட கோப்புகள் இன்னும் கிடக்கின்றன என்பதால் இது வெறும் தொழில்நுட்பக் கதை அல்ல.

கதை கலிபோர்னியாவின் பசடீனாவில், ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் தொடங்குகிறது. விண்கலங்களுக்குப் பெயர் பெற்ற அந்த ஆய்வகத்தின் பெரிய யூனிவாக் கணினியில், தரவுகளைச் சேமித்துக் கேட்டு வாங்க ஜேபிஎல்டிஸ் என்றொரு நிரல் இருந்தது. அங்கே பணியாற்றிய வேன் ராட்லிஃப் 1970களின் இறுதியில், அலுவலக நண்பர்களுக்கிடையே நடந்த கால்பந்துப் பந்தயத்தில் வெல்ல ஆசைப்பட்டார். அணிகளின் புள்ளிவிவரங்களைக் கணக்கிட ஒரு கருவி தேவைப்பட்டது. ஜேபிஎல்டிஸின் அமைப்பைப் பின்பற்றி, உதிரிகளாக வாங்கிப் பூட்டிய தன் சொந்த ஐஎம்எஸ்ஏஐ 8080 கணினிக்கு ஒரு நிரலை எழுதினார். ஸ்டார் ட்ரெக் தொடரின் ஸ்பாக்கை நினைத்து அதற்கு வல்கன் என்று பெயர் வைத்தார். 1979இல் அவரே விளம்பரம் கொடுத்து விற்கவும் செய்தார். வியாபாரம் பெரிதாக ஓடவில்லை.

அதை ஓட வைத்தவர்கள் ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி என்ற இருவர். உரிமத்தை வாங்கி, 1981இல் டிபேஸ் 2 என்று பெயர் மாற்றி, 695 டாலர் விலை போட்டார்கள். டிபேஸ் 1 என்று ஒன்று இருந்ததே இல்லை. இரண்டாம் பதிப்பு என்றால் முதல் பதிப்பின் பிழைகளெல்லாம் தீர்ந்திருக்கும் என்று வாங்குபவர் நம்புவார் அல்லவா? நிறுவனத்துக்கு வைத்த ஆஷ்டன்-டேட் என்ற பெயரிலும் இப்படியொரு வித்தை உண்டு. டேட் நிஜம்; ஆஷ்டன் என்று கூட்டாளி யாரும் கிடையாது. டேட் 1984 ஆகஸ்டில் மாரடைப்பால் இறந்தார். அதே ஆண்டு வந்த டிபேஸ் 3தான், பின்னாளில் எல்லோரும் பின்பற்றிய கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது.

அந்த வடிவம் என்ன? நம் ஊர் மளிகைக் கடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதப்படும் என்ற தலைப்பு. பிறகு வரிக்கு ஒரு கணக்கு. டி.பி.எஃப். கோப்பும் அப்படித்தான். முதல் பைட், இது எந்த வகைக் கோப்பு என்று சொல்கிறது: 3 என்றால் சாதாரண டிபேஸ் 3 கோப்பு, 131 என்றால் கூடவே நீளமான குறிப்புகளுக்கான தனிக் கோப்பும் உண்டு. அடுத்த மூன்று பைட்டுகளில் கடைசியாகத் திருத்திய தேதி. அடுத்த நான்கில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை. பிறகு தலைப்பின் நீளம், ஒரு பதிவின் நீளம். இப்படி 32 பைட்டுகள் முடிந்ததும், ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்னொரு 32 பைட்: அதன் பெயர் அதிகபட்சம் பத்து எழுத்து, வகை ஓரெழுத்து, அகலம், தசம இடங்கள். கடைசியில் தலைப்பு முடிந்தது என்பதற்கு ஒரு பைட். அதற்குப் பின் பதிவுகள், எல்லாம் ஒரே அகலத்தில், இடைவெளி இல்லாமல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண், பெயர், ஊர், சேர்ந்த தேதி, நிலுவை என்று ஐந்து கட்டங்கள்; அகலம் முறையே 10, 40, 25, 8, 9. தலைப்பு 32 + (5 × 32) + 1 = 193 பைட். ஒரு பதிவு, கட்டங்களின் அகலம் 92, முன்னால் ஒட்டும் குறி 1, ஆக 93 பைட். மூன்றாவது பதிவு வேண்டுமா? 193 + (2 × 93) = 379. கோப்பில் 379 பைட் தாண்டிப் படித்தால் அது வந்து நிற்கும். இதற்கு டிபேஸ் தேவையில்லை. பள்ளிக்கூடக் கணக்குப் போதும். தேதி 19870415 என்று எட்டு இலக்கமாகவும், தொகை வெறும் எண்ணெழுத்தாகவும் இருக்கும். எந்த உரைத்தொகுப்பியில் திறந்தாலும் மனிதக் கண்ணுக்கே பாதி புரியும். கோப்பு பிழைத்ததற்கு முதல் காரணம் இந்த எளிமை.

இரண்டாவது காரணம் போட்டியாளர்கள். வடிவம் எளிதாக இருந்ததால் மற்றவர்கள் அதையே படிக்கும், எழுதும் நிரல்களைச் செய்தார்கள். நான்டக்கெட் நிறுவனத்தின் கிளிப்பர், ஃபாக்ஸ் சாஃப்ட்வேரின் ஃபாக்ஸ்பேஸ், அதன் தம்பியான ஃபாக்ஸ்ப்ரோ எல்லாம் அப்படி வந்தவை. 1988 நவம்பரில் ஆஷ்டன்-டேட் ஃபாக்ஸ் மீது பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1990 டிசம்பரில் நீதிபதி டெரி ஹாட்டர் ஒரு தீர்ப்பைச் சொன்னார்: டிபேஸ், பொதுச்சொத்தான ஜேபிஎல்டிஸிலிருந்து பிறந்தது என்பதைப் பதிப்புரிமை அலுவலகத்திடம் சொல்லாமல் மறைத்ததால், ஆஷ்டன்-டேட்டின் பதிப்புரிமை செல்லாது. சில மாதங்களில் அந்தத் தீர்ப்பை அவரே திரும்பப் பெற்றார். ஆனால் அதற்குள் ஆஷ்டன்-டேட் தளர்ந்திருந்தது. பிழைகள் மலிந்த டிபேஸ் 4 அதன் பெயரைக் கெடுத்திருந்தது. 1991இல் போர்லாண்ட் அதை வாங்கியது. அந்த வியாபாரத்துக்கு அமெரிக்க நீதித்துறை ஒரு நிபந்தனை விதித்தது: டிபேஸின் கட்டளை மொழிக்கு உரிமை கோரிப் போட்டியாளர்களை நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸை வாங்கியது. தயாரித்தவனின் கையை விட்டு மொழியும் கோப்பு வடிவமும் பொதுப்புழக்கத்துக்கு வந்துவிட்டன.

மூன்றாவது காரணம் யாரும் எதிர்பாராதது: நிலப்படங்கள். எஸ்ரி நிறுவனம் 1990களில் வரைபடத் தரவுக்காக ஷேப்ஃபைல் என்ற வடிவத்தை உருவாக்கியபோது, எல்லைக்கோடுகளை ஒரு கோப்பிலும், அந்த எல்லைக்குள் இருக்கும் ஊரின் பெயர், மக்கள்தொகை போன்ற விவரங்களை ஒரு டி.பி.எஃப். கோப்பிலும் வைத்தது. இன்றும் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டு அலுவலகம் தன் எல்லைப் படங்களை இந்த வடிவில் தருகிறது. பிரேசிலின் பொதுச் சுகாதாரத் தரவு அமைப்பான டாடாசுஸ், டி.பி.எஃப்.பைச் சுருக்கிய வடிவில் தன் கோப்புகளை வெளியிடுகிறது. புதிதாகச் செய்த வரைபடத்தில் கட்டத்தின் பெயர் பத்து எழுத்தோடு முறிந்து நிற்பதைப் பார்த்தால், அது 1980களின் மிச்சம் என்று அறிந்துகொள்ளலாம்.

இனி, வேறு நிரலில் திறக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். திறப்பது எளிது; திறந்தது முழுமையா என்பதே கேள்வி. நீண்ட குறிப்புகள் டி.பி.எஃப்.புக்குள் இருப்பதில்லை. டிபேஸில் டி.பி.டி., ஃபாக்ஸ்ப்ரோவில் எஃப்.பி.டி. என்ற தனிக் கோப்பில் இருக்கும்; அட்டவணையில் அது எத்தனையாவது தொகுதி என்ற எண் மட்டுமே இருக்கும். யாரோ ஒருவர் ‘முக்கியமான ஃபைல்’ என்று ஒன்றை மட்டும் நகலெடுத்து வந்திருந்தால், குறிப்பு இருந்த இடத்தில் வெறும் எண்தான் மிஞ்சும். காலியாக விடப்பட்ட எண் கட்டத்தைச் சில நிரல்கள் பூஜ்யம் என்று காட்டிவிடும். நன்கொடை தரவில்லை என்பதும் எவ்வளவு என்று எழுதப்படவில்லை என்பதும் ஒன்றா? அட்டவணையைக் காற்புள்ளி பிரித்த உரைக்கோப்பாக்கி எக்ஸெலில் திறந்தால் தொலைபேசி எண்களின் முன்பூஜ்யம் உதிர்ந்துவிடும். ஷேப்ஃபைலோடு வரும் அட்டவணையை எக்ஸெலில் திறந்து அகரவரிசைப்படுத்திச் சேமிக்கவே கூடாது. படமும் பதிவும் வரிசை எண்ணால் மட்டுமே கட்டப்பட்டவை. வரிசை மாறினால் ஓர் ஊரின் எல்லைக்குள் இன்னோர் ஊரின் மக்கள்தொகை குடியேறிவிடும். நல்லவேளையாக, 2007 பதிப்பிலிருந்து எக்ஸெல் இந்த வடிவில் சேமிப்பதை விட்டுவிட்டது, திறப்பதோடு சரி.

எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமான சிக்கல் எழுத்து. தலைப்பின் 32 பைட்டுகளில் 29ஆம் எண்ணுள்ள பைட், இந்தக் கோப்பு எந்த மொழியின் குறிமுறையில் எழுதப்பட்டது என்று சொல்வதற்காகப் பின்னாளில் ஒதுக்கப்பட்டது. 1 என்றால் அமெரிக்க டாஸ், 3 என்றால் மேற்கைரோப்பிய விண்டோஸ். ஃபாக்ஸ்ப்ரோவின் பட்டியலில் ரஷ்யனுக்கு எண் உண்டு. கிரேக்கம், சீனம், ஜப்பான், கொரியா, தாய், ஹீப்ரு, அரபு எல்லாவற்றுக்கும் உண்டு. தமிழுக்கு இல்லை. எந்த இந்திய மொழிக்கும் இல்லை.

அதனால் தமிழ் உள்ளே வராமல் இருந்ததா? வந்தது, வேறு வேடத்தில். சி-டாக் உருவாக்கிய ஜிஸ்ட் அட்டையைக் கணினிக்குள் செருகினால் டாஸ் நிரல்களிலேயே இஸ்கி குறிமுறையில் தமிழைத் தட்டச்சிட முடிந்தது. விண்டோஸ் வந்ததும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரிசை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து டிஸ்கி என்ற குறிமுறையை வகுத்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரண்டு தரங்கள் வந்தன. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தாலும் வீட்டுக் கணினிகளுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட அட்டவணை ஒவ்வொன்றும், தான் தமிழ் என்று தனக்கே தெரியாத கோப்பு. எந்த எழுத்துருவில் பார்த்தால் தமிழாகும் என்ற தகவல் கோப்பில் எங்கும் இல்லை. எழுதியவரின் தலைக்குள் இருந்தது.

நான் வாழும் நகரின் தமிழ்ச் சங்கமொன்று, தன் நூலகத்தின் 1990களின் பட்டியலைப் படித்துத் தரும்படி ஒரு குறுந்தகடு கொடுத்தது. புத்தகங்கள், உறுப்பினர்கள், இரவல் கணக்கு என்று மூன்று டி.பி.எஃப். கோப்புகள். திறப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எண்கள், தேதிகள், விலைகள் அச்சுப்போல இருந்தன. தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருந்த கட்டங்களில் மட்டும் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்து ஒரே பிதற்றல். பட்டியலைத் தட்டச்சிட்டவர் காலமாகிவிட்டார். எழுத்துரு எது என்று யாருக்கும் நினைவில்லை. கைகொடுத்தது அலமாரியில் கிடந்த பழைய அச்சுப்பிரதி. அதன் முதல் இரண்டு பக்கங்களைக் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டு, இந்தக் குறி இந்த எழுத்து என்று ஓர் அட்டவணை போட்டேன்.

அதோடு முடியவில்லை. அந்த எழுத்துரு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதியிருந்தது. ‘கொ’ என்பதில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று குறிகள். யூனிகோடில் முதலில் ககரம், பிறகு ஒரே உயிர்க்குறி. எனவே மாற்றும்போது ஒவ்வொரு கொம்பையும் எடுத்து மெய்க்குப் பின்னால் வைக்க வேண்டும். மாற்றியதைப் பழைய கட்டத்திலேயே திரும்ப வைக்கவும் முடியாது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லில் உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து 11 குறிகள். ஆக 33 பைட். ஊர்ப் பெயருக்கு 30 பைட் ஒதுக்கிய கட்டத்தில் அதை வைத்தால் கடைசிப் புள்ளி விழுந்து ‘யாழ்ப்பாணம’ என்று நிற்கும். அதனால் மாற்றியதைப் புதிய தரவுத்தளத்தில் வைத்துவிட்டு, மூலக் கோப்பைத் தொடாமல் அப்படியே வைத்தோம். வேலை முடிந்தபோது, இன்று நூலகத்தில் இல்லாத பல புத்தகங்களின் பெயர்களும் வெளிவந்தன. எண்பதுகளில் யாரோ பெட்டியில் கொண்டுவந்து நன்கொடையாகக் கொடுத்த சிற்றிதழ்களின் பெயர்கள், இதழ் எண்ணோடு.

உறுப்பினர் கோப்புதான் கடினமாக இருந்தது, தொழில்நுட்பத்தால் அல்ல. டி.பி.எஃப். பதிவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குறி உண்டு என்றேன் அல்லவா? அது வெற்றிடம் என்றால் பதிவு உயிரோடு இருக்கிறது. நட்சத்திரம் என்றால் அழிக்கப்பட்டது. டிபேஸில் டெலீட் என்ற கட்டளை எதையும் அழிப்பதில்லை. நட்சத்திரத்தை மட்டும் போடும். ரீகால் என்றால் நட்சத்திரம் போய்ப் பதிவு மீளும். உண்மையில் அழிக்க பேக் என்று இன்னொரு கட்டளை தரவேண்டும். அது முழு அட்டவணையையும் புதிதாக எழுதும். அக்கால வன்தட்டுகளில் அதற்கு நேரமும் இடமும் ஆகும் என்பதால் பலரும் தள்ளிப்போட்டார்கள். திரையில் பெயர் தெரியவில்லை, அது போதும் என்று இருந்துவிட்டார்கள். இன்றைய நிரல்களில் பெரும்பாலானவை நட்சத்திரப் பதிவுகளைக் காட்டாது. ஆனால் கேட்டால் கொடுக்கக்கூடியவையும் உண்டு. பைத்தானின் டிபிஎஃப்ரீட் தொகுப்பில் அவற்றைத் தனிப் பட்டியலாகவே வாங்கலாம்.

அந்தக் கோப்பில் நட்சத்திரமிட்ட பெயர்கள் பல இருந்தன. விலகியவர்கள், வேறு நகரம் போனவர்கள், இறந்தவர்கள். பெயரோடு விலாசம், தொலைபேசி எண், சில இடங்களில் யாருடைய வீட்டில் தங்கியிருக்கிறார் என்ற குறிப்பு. அந்த ஆண்டுகளில் வந்தவர்களில் பலர் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள். எங்கே இருக்கிறோம் என்பதை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக் கூடாது என்று அவர்கள் எண்ணி எண்ணி வாழ்ந்த காலம் அது. சங்கத்தின் மூத்தவர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தம்பி, விலகினா பேரை எடுத்துப்போடுவம் எண்டு சொல்லித்தான் இந்த விலாசங்களை வாங்கினனாங்கள்.”

இளையவர்கள் சிலருக்கு வேறு எண்ணம். இந்த நகரத்தில் தமிழர் குடியேறிய வரலாற்றை எழுத இதைவிடச் சான்று எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முதல் பத்தாண்டில் எந்தத் தெருவில் எத்தனை வீடு, யார் என்ன புத்தகம் படித்தார்கள் என்பதெல்லாம் வேறெங்கும் எழுதப்படவில்லை. நம் பிள்ளைகள் ஒருநாள் தேடிப்போகும் தகவல் அதுதான். மூத்தவர் அதையும் மறுக்கவில்லை. “வரலாறு எழுதுங்கோ. ஆனா குடுத்த வாக்கை முறிச்சு எழுதாதேங்கோ” என்றார்.

இரண்டு கூட்டங்களில் பேசி முடிவெடுத்தார்கள். புத்தகப் பட்டியல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இரவல் கணக்கில் ஆள் பெயரை நீக்கி, எந்த நூல் எத்தனை முறை வெளியே போனது என்பது மட்டும் வைக்கப்பட்டது. நட்சத்திரமிடப்பட்ட உறுப்பினர் பதிவுகளிலிருந்து ஆண்டு வாரியான எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, முப்பது ஆண்டு தாமதமாக பேக் கட்டளை கொடுக்கப்பட்டது. குறுந்தகட்டில் எதையும் அழிக்க முடியாது என்பதால் அதை உடைத்துப் போட்டார்கள். வரலாற்றில் ஆர்வமுள்ளவன் என்ற முறையில் எனக்கு அது வலித்தது. வாக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். அதை நிறைவேற்றும் உரிமையும் அவர்களுடையது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

உங்கள் சங்கத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ கோவிலிலோ இத்தகைய கோப்புகள் இருந்தால், எழுதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே சில காரியங்களைச் செய்துவிடலாம். டி.பி.எஃப். ஒன்றை மட்டும் எடுக்காமல் அந்தக் கோப்புறை முழுவதையும் நகலெடுங்கள். மூலத்தில் எதையும் திருத்தாமல் நகலில் வேலை செய்யுங்கள். எந்த நிரல், எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பத்தெழுத்துக்குள் சுருக்கப்பட்ட கட்டப் பெயர்களுக்கு என்ன பொருள் என்றும் கேளுங்கள், ‘யு.வி.தேதி’ என்பது உறுப்பினர் விலகிய தேதியா, உலர்விழா தேதியா என்பதை எந்த நிரலாலும் சொல்ல முடியாது. பழைய அச்சுப்பிரதி இருந்தால் குப்பையில் போடாதீர்கள், அதுதான் அகராதி. கடைசியாக, நட்சத்திரமிட்ட பதிவுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயர்களை என்ன செய்வது என்பதை, அந்த மனிதர்களை அறிந்தவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கோப்பு இன்னும் நாற்பது ஆண்டு திறக்கும். அதை விளக்கிச் சொல்லக்கூடியவர்களுக்கு அவ்வளவு காலம் இல்லை.